மேலே மனைவி பெயர், கீழே கணவருக்கு ஆகாத மருந்து

மலேசியாவில், உலு திராமில் ஒரு கிளினிக்கில் பதிவு வேலை பார்க்கிறேன். கணினியில் மேலே நோயாளியின் பெயர் இருக்கும். கீழே தட்டுவதெல்லாம் அந்தப் பெயரில்தான் சேரும்.

அன்று கூட்டம். உடன் வேலை செய்பவரும் லீவு. ஓர் அக்காவைப் பதிந்துகொண்டிருந்தேன். "அவரு கார் பார்க் பண்றாரு. அவரையும் சேத்து பதிஞ்சிருங்க. அவருக்கு பென்சிலின் ஆகாது லா," என்றார். அக்காவின் பக்கத்தை மூடாமலே அதைத் தட்டிவிட்டேன். பிறகு கணவருக்குத் திறந்த பக்கத்தில் ஆகாத மருந்தைக் குறிக்கும் இடம் காலி.

அதைப் பார்த்து டாக்டர் பென்சிலின் எழுதினார். தாதி, "பென்சிலின் ஊசி," என்று சொல்லிக்கொண்டே அவரிடம் வந்தார். "அலமாக், பென்சிலினா? சொன்னேனே!" என்று அக்கா அலறினார். ஊசி நின்றது.

இப்போதெல்லாம் மேலே உள்ள பெயரை வாய்விட்டுப் படித்து, ஆளின் முகத்தைப் பார்த்த பிறகே கீழே தட்டுகிறேன். ஆள் காரில் இருந்தால் காத்திருக்கிறேன். வரிசையில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.