‘இஸ்’ என்ற சொல்லுக்காக மஞ்சக்குட்டை வரை

ஏற்காட்டுக்கு எல்லோரும் குளிருக்காகப் போவார்கள். சென்ற டிசம்பரில் நான் போனது, ஒன்பதாம் வகுப்பில் நான் தப்பாகப் போட்ட ஒரு பெருக்கல் குறியைத் திரும்பப் பெற.

அங்கே கான்வென்ட்டில் படித்தபோது நான் வகுப்புத் தலைவி. பயிற்சி நோட்டுகளைத் திருத்த சிஸ்டர் என்னிடம்தான் சிவப்புப் பென்சிலைத் தருவார். ஆங்கில ‘இஸ்’, ஜெர்மன் ‘இஸ்ட்’, லத்தீன் ‘எஸ்ட்’ மூன்றும் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது கேள்வி. மற்றவை லத்தீனிடம் கடன் வாங்கின என்பது என் விடை. மெஹருன்னிசா மட்டும், மூன்றும் ஒரு தாயின் பிள்ளைகள் என்று எழுதியிருந்தாள். அவள் அத்தா படிக்கும் பாரசீகத்திலும் ‘அஸ்த்’ என்று வருகிறதாம். பாரசீகர்கள் லத்தீன் பள்ளிக்கா போனார்கள் என்றும் கேட்டிருந்தாள். ‘பொருத்தமற்றது’ என்று எழுதிப் பெருக்கல் குறி போட்டதோடு நிற்காமல், வகுப்பில் வாசித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கணவர் மறைந்த பிறகு மொழி வரலாறு படிக்கத் தொடங்கினேன். அவள் எழுதியதுதான் சரி. எழுத்தில் பதியாத ஏதோ ஒரு பழைய மொழியின் வினைச்சொல் அது. ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளிலும் பாரசீகத்திலும் சமஸ்கிருத ‘அஸ்தி’யிலும் இன்றும் வாழ்கிறது. தெரிந்த பின் சும்மா இருக்க என்னால் முடியாது. விசாரித்ததில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில் அவள் மிளகுக்கடை வைத்திருப்பது தெரிந்தது.

சேலத்தில் காலை 7.10-க்கு பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றேகால் மணி நேரம். முன் இருக்கையைப் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்தவர்கள் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழம் தேடினார்கள். மேலே போனதும் மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப், நாற்பது ரூபாய். மிளகுக்கடை மெஹருன்னிசா என்றதும் டிரைவர், “ஏனுங்கம்மா, பேரம் பேசப் போறீங்களா? அந்தம்மா நொம்பக் கறாருங்க” என்றார்.

கடையில் நான்கு பேர் நின்றார்கள். டிரைவரும் தேநீரோடு நின்றுவிட்டார். என்னை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. உள்ளே போய்ப் பேசலாமா என்றேன். மிளகை நிறுத்துக்கொண்டிருந்த கையை அவள் தராசிலிருந்து எடுக்கவில்லை.

“அன்னிக்கு என்னை உள்ள கூப்பிட்டா வாசிச்சுக் காட்டின? சொல்ல வந்ததை இங்கயே சொல்லு.”

முப்பது ஆண்டு தலைமையாசிரியையாக இருந்தவள் நான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

“நீ எழுதினதுதான் சரி, மெஹருன். நான் போட்டது தப்பு.”

என்ன சங்கதி என்று ஒருவர் கேட்க, அவள் அத்தனையையும் நிதானமாக, ருசித்துச் சொன்னாள். இதுக்காகவா பஸ் ஏறி வந்தீங்க என்றார் டிரைவர். இதுக்குத்தான் வரணும் என்று அவரை அடக்கிவிட்டு, என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

சாப்பிடும்போது மிச்சத்தையும் சொன்னேன்: ‘இஸ்’, ‘பி’, ‘வாஸ்’ மூன்றும் வெவ்வேறு வேர்கள், ஆங்கிலத்தில் ஒரே வினையாகச் சேர்ந்துகொண்டன.

“மூணு ஊட்டுச் சாமானை வச்சு ஒரு குடித்தனமா?” என்று சிரித்தாள்.

மாலை பஸ்ஸில் இறங்குவதாகத்தான் திட்டம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தவறை ஒப்புக்கொள்ளப் போகும்போது, திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்வெட்டர் அவசியம். மாற்றுப் புடவையும் இரண்டு வையுங்கள். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை; நான்காம் நாள் மெஹருனின் புடவையில் சேலம் வந்து இறங்கினேன்.