சுண்டுவிரலுக்குப் பத்து எண்ணிக்கை

நரம்புப் பரிசோதனை அறைக்கு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வருவதும், அவர்கள் கைகால்களை வெந்நீர்ப் பையால் சூடாக்குவதும் என் வேலை. கை சில்லென்று இருந்தால், நரம்பில் சின்ன ஷாக் வைத்து அளக்கும் மெஷின் தப்பாகக் காட்டும். அங்கே இருபத்தாறு வருடமாக மெஷின் பார்ப்பவரை எல்லோரும் கரண்ட் அக்கா என்பார்கள். காலையில் முதல் ஷாக்கைத் தன் மணிக்கட்டிலேயே வைத்துப் பார்ப்பார். வீட்டிலோ மிக்ஸி பிளக்கைத் தொடப் பயம்; வீட்டுக்காரர்தான் மாட்டிவிட வேண்டுமாம்.

அன்று பத்தொன்பதாவது ஆள் ஒரு லாரி டிரைவர். கண் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது, மூச்சு மேலோட்டமாக வந்தது. நரம்பு வீக்கமா பார்க்கவும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அக்கா வலிக்கும் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே டிரைவரின் மனைவியிடம் கேட்டார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"முந்தாநாள் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னாரு. அப்புறம் முழுங்க முடியல. கை கடைசியாத்தான் விழுந்துச்சு."

"என்ன சாப்பிட்டாரு?"

அந்தம்மா பையின் காதை முறுக்கினார். "நான் பாட்டில்ல அடைச்சு வச்ச பீன்ஸ். எனக்குப் பிடிக்காது. அவரு மட்டும்தான்..."

அக்கா டிரைவரின் சுண்டுவிரல் பக்கச் சதையில் ஒயரை ஒட்டி ஷாக் வைத்தார். தொடு உணர்ச்சி சரியாக இருந்தது. சதை துடிப்பதைத் திரையில் காட்டும் அலை மட்டும் குட்டை.

"நரம்பு ஒழுங்காத்தான் சேதி கொண்டு போகுது. சதைகிட்ட ஒப்படைக்கிற இடத்துலதான் தகராறு போல" என்றார் என்னிடம். "மூடிவச்ச பாட்டில்ல ஊறுற உணவு விஷம்னா, சதைகிட்ட வேலை வாங்கினா அலை ஏறும்."

விஷமென்றால் முறிவு மருந்து உடனே வேண்டும். தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். சதைக்கு வேலை கொடுக்க வேகவேகமாக ஷாக் வைத்தும் பார்க்கலாம். ஆனால் அது உயிர் போகிற வலி. கத்தக்கூட முடியாதவருக்கு வைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

"அண்ணே, பத்து எண்ணுறவரைக்கும் விரலை இறுக்குங்க."

எண்ணினார். ஷாக் வைத்தார். அலை ஏறவில்லை.

"சரி, விஷம் இல்ல போல" என்று பேனாவை எடுத்தார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அவரு கட்டைவிரலைத்தான் மடக்கினாரு. சுண்டுவிரல் அசையவே இல்ல."

"வாயில்லாப் பூச்சிக்கு வாய் வந்துருச்சா?" பேனாவை வைத்துவிட்டார். "ஒயர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. உன் விரலைக் குடு."

என் விரலை டிரைவரின் சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் வைத்தார். "இதைத் தள்ளுங்கண்ணே." எறும்பு முட்டுவது போலத்தான் இருந்தது. ஆனால் பத்து எண்ணும்வரை அவர் விடவில்லை. அக்கா உடனே ஷாக் வைத்தார். அலை முன்னதைவிட ஒன்றரை மடங்கு உயர்ந்தது.

"சார், நீங்களே வந்து பாருங்க" என்றார் போனில். "நாளைக்கு இல்ல, இப்போ."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் முறிவு மருந்துக்குச் சொல்லி அனுப்பினார்.

"எழுந்துருவாரா?" என்று மனைவி கேட்டார்.

"இந்த மருந்து விஷம் இனிமே ஏறாம நிறுத்தும்" என்றார் அக்கா. " விழுந்தது தானா எழுந்திரிக்க மாசக்கணக்காகும்மா."

"என் கையாலயே போட்டுக் குடுத்தேனே..."

"பாட்டில்ல மிச்சம் இருக்கா? கொட்டிடாதீங்க. டெஸ்ட் பண்ணக் கேப்பாங்க."

இருபதாவது ஆள் வாசலில் நின்றார். அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பை ஆறிப்போச்சு பாரு" என்றார். "வெந்நீர் மாத்து."