உடையாத கண்ணாடி

பழைய கட்டடங்களுக்கு நாடி பார்ப்பதுதான் அவர் வேலை. நகராட்சியில் இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. சுவரில் விரிசல் கண்டால் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனையிலும் சாந்து பூசி, தேதி எழுதிவிட்டு வருவார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் சாஸ்திரம். பெயரே கண்ணாடிக்காரர் என்றாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்பவருக்கு அக்கா வீட்டை நினைத்தால் மட்டும் பயம். வாய்க்காலைத் தூர்த்துத் தெரு போட்ட காலத்தில் எழும்பிய கட்டடம் அது. கீழே இரண்டு மாடி சுண்ணாம்புக் காரை. பின்னால் வந்த புண்ணியவான்கள் அதன் தலையில் கான்கிரீட்டில் இன்னும் இரண்டு மாடியை ஏற்றிவிட்டுப் போனார்கள். மேல்வீட்டில் யாராவது நடந்தால் அக்கா வீட்டுப் பாத்திரம் பேசும். அவள் அறைச் சுவர் விரிசலிலும் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்க்கப் பயந்து, அறை வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பார். மூன்று வருடமாகக் கண்ணாடி உடையவில்லை. அதை நம்பித்தான் தூங்கினார்.

அன்று மத்தியானம் அந்த அறைக் கதவு மூட மறுத்தது. நிலை சாய்ந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. விரிசலுக்குள் சுண்டுவிரல் போயிற்று. குனிந்து தேதியைப் படித்தார். தேதி அவருடையதுதான், கையெழுத்து அவருடையதல்ல.

"அக்கா, இதை யாரு மாத்தினது?"

அக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீ வெச்சுட்டுப் போன பெட்டியில நிறையத் துண்டு கிடந்துச்சு. உடைஞ்சா மாத்திடுவேன். தெரிஞ்சா நீயே எழுதிக் குடுத்துக் காலி பண்ண வெச்சுடுவே. நாப்பது வருஷம்டா, எங்க போவேன்?"

"எத்தனை தடவை?"

"முன்னாடி வருஷத்துக்கு ஒண்ணு. இந்த வாரம் மூணு."

அவர் மாடி மாடியாக ஓடிக் கதவைத் தட்டி எல்லோரையும் தெருவுக்கு விரட்டினார். திரும்பி வந்தால் அக்கா கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை நாள் நின்ன சுவர் இன்னைக்கா விழப்போகுது? பயமுறுத்தாதே."

அவர் பெட்டியைத் திறந்தார். சீக்கிரம் இறுகும் சாந்தைக் குழைத்து, அவள் கண்ணெதிரே புதுக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ கீழ போடா."

"நீ வந்தா போறேன்."

சாந்து இறுகிக் கொஞ்ச நேரம்தான். டிக்கென்று சத்தம். உடைந்த கண்ணாடியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். உடையும்போது பார்த்தது அன்றுதான்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. படியில் பாதி இறங்கியதும் நின்றாள்.

"மேல்வீட்டுக் குழந்தைங்க இறங்கிடுச்சாடா?"

"முதல்லயே இறக்கிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.