பொய் சொன்ன முள்

"பழைய வண்டி, வித்துடுக்கா" என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டதால் டேங்கிலிருந்த மிதவையை நானே கழற்றினேன். ஆட்டிப் பார்த்தால் உள்ளே டீசல் தளும்பியது. ஓட்டை மிதவை மூழ்கிப்போய்தான், டீசல் முள் எப்போதும் காலி என்றே காட்டியிருக்கிறது.

விரலில் ஒட்டிய வாடை என்னைச் சின்ன வயதுச் செய்யூருக்கு இழுத்துப்போனது. அப்பா போன பிறகு அம்மாதான் இந்த பிக்கப்பில் சவுக்குக் கட்டை ஏற்றி அச்சரப்பாக்கத்துக்கு ஓட்டினாள். அப்போதே முள் எழாது. கிளம்பும்முன் சவுக்குக் குச்சியை டேங்கில் விட்டெடுத்து, ஈரம் எதுவரை என்று பார்ப்பாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். அவள் பிசைந்து தந்த சோற்றிலும் டீசல் வாடைதான்.

"முள்ளே எழுந்திருக்கல. இத வச்சிகினு இன்னா பண்ணப்போற அண்ணி? வித்துடு" என்பார் சித்தப்பா.

"முள்ளுதான் படுத்துகினு கீது. நான் படுத்துட்டனா?" என்று அம்மா வண்டியைக் கிளப்புவாள்.

புது மிதவையை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முள் பாதிக்கு எழுந்தது. பக்கத்து சீட்டிலிருந்த அம்மா அதை முறைத்தாள்.

"இத்தினி வருசம் இல்ல இல்லன்ன. இப்ப இன்னா வந்துச்சி உனுக்கு?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சீட்டுக்குப் பின்னாலிருந்த குச்சியை எடுத்து டேங்கில் விட்டாள்.