ரெண்டு மொதல் பக்கம் வெச்ச கல்யாண ஆல்பம்

கல்யாண ஆல்பம் கட்டறது ஏதோ போட்டோ ஒட்டற வேலைன்னு நெனச்சீங்கன்னா, நீங்க இன்னும் சம்பந்தி வீடுகளோட பழகலைன்னு அர்த்தம். யாரை யாருக்கு முன்னாடி உக்கார வைக்கிறதுங்கற வேலைங்க அது. பந்தியில வந்த கோவம் பாயசத்தோட போயிடும். ஆல்பத்துல வந்த கோவம் அம்பது வருசத்துக்கு நிக்கும். உங்க வீட்லயும் ஒரு ஆல்பத்தைப் பாத்துட்டு யாராவது மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருப்பாங்க, எனக்குத் தெரியாதா?

என் பேரு மேரி. திண்டிவனத்துல மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்துல கடை. மிஷின்ல அழுத்தி வர்ற பளபளா ஆல்பம் என்கிட்ட கெடைக்காது. குயிலாப்பாளையம் பக்கத்துலேர்ந்து கையால செஞ்ச கெட்டிக் காகிதம் வாங்கியாந்து, படத்தை ஒட்டி, ஊசி நூலால தெச்சு, கல்யாணத் துணியையே அட்டைக்குப் போத்திக் குடுப்பேன். பேரப்புள்ளைங்க எடுத்துப் பாக்கறப்பவும் பக்கம் பிரியக்கூடாது. இதுல நான் ரொம்ப கறாரு. அப்படி ஒரு ஆல்பம் என்னைப் படுத்தின பாட்டைத்தான் இப்ப சொல்றேன்.

கத்திரி படாத புடவை

வல்லம் பக்கத்துப் பொண்ணு கலை. அப்பா இல்ல. அம்மாவோட அண்ணன் ஏழுமலைதான் நெலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டு, அதுல வந்ததுல படிக்க வெச்சு, வைகாசியில கல்யாணமும் பண்ணி வெச்சாரு. மாப்ள தினேஷ், விழுப்புரத்துல பைக் ஷோரூம்ல வேலை. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே கலை முகூர்த்தப் புடவைய முழுசா கொண்டாந்து மேசை மேல வெச்சு, முந்தானைய வெட்டி அட்டைக்குப் போடுங்கன்னுச்சு. முகூர்த்தப் புடவையில கத்திரி வெச்சா உங்கம்மா என்னை உசுரோட விடுவாங்களான்னு கேட்டேன்.

கடைசியில, ஜாக்கெட்டுக்கு வெட்டி மிஞ்சின துண்டு போதும்னு ராசி ஆனோம். துண்டு ஒரு பக்கத்து அட்டைக்குத்தான் பத்துச்சு. மறுபக்கம் சாதா காடாத்துணி. ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா கட்டட்டுமான்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு சொன்னது இது:

"ஒண்ணு போதும்க்கா. ஆளுக்குப் பாதி பிரிச்சிக்க இது என்ன நெலமா?"

நம்பர் அனுப்பின மாப்ள

எடுத்தது ரெண்டாயிரம் படம் இருக்கும், ஆல்பத்துக்கு வேணுங்கறது நூத்தி இருவது. பொறுக்கறதுக்கு ஜனங்க வருசக்கணக்குல எடுத்துப்பாங்க. புள்ள பொறந்து, அதுக்கு மொட்டையும் அடிச்சப்புறம் வந்து பொறுக்கினவங்க உண்டு. தினேஷ் தம்பி மூணே நாள்ல வாட்ஸப்புல நம்பரை அனுப்பிடுச்சு. வரிசையும் அதுவே போட்டிருந்துச்சு. மொதல் பக்கம் பெரியப்பா, அப்புறம் அத்தைங்க, அப்புறம் ஷோரூம் பசங்க.

பொண்ணு வீட்டையும் ஒரு வார்த்தை கேக்கணும்ங்கறது இந்தத் தொழில்ல முதல் பாடம். எத்தினியோ பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த வாரம் வேலை தலைக்கு மேல. தம்பி போன்ல சொன்னதை நம்பி ஊசியக் கையில எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான், வேற யாரையும் சொல்லிப் பிரயோசனமில்ல. தம்பி போன்ல சொன்னது இதுதான்:

"அவங்க வீட்ல எல்லாம் தங்கமானவங்கக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல

ஆடி பொறந்துச்சு. தலை ஆடிக்குப் பொண்ணை அழைச்சிக்கினு வர ஏழுமலை விழுப்புரம் போனாரு. கலை ஆசை ஆசையா ஆல்பத்தையும் தூக்கிக்கினு வந்துச்சு. ஊரே கூடி உக்காந்து பாத்திருக்காங்க. பொண்ணு நெத்தியில தாய்மாமன் பட்டம் கட்டற படத்தைத் தேடி மனுஷன் பக்கம் பக்கமா புரட்டியிருக்காரு. அது முப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல, தீப்பெட்டி சைஸ்ல கெடந்துச்சு. பக்கத்துலயே பெருசா, கலையும் தினேஷும் ஐஸ்கிரீம் சாப்பிடற படம்.

மறுநாளு ஏழுமலை வண்டியில வந்து ஆல்பத்தை என் மேசை மேல வெச்சாரு. கத்தல. கத்தியிருந்தாலும் தேவலை. தண்ணி குடுத்தேன், தொடல. ஆடி முடிஞ்சாலும் பொண்ணை அனுப்பறதா இல்லன்னு மெதுவா சொல்லிட்டு, வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தாரு.

"தூக்கி வளத்தவன்மா நானு. என்னக் கொண்டுபோயி ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல நிக்க வெச்சிட்டீங்களே."

ஆவணி வந்தும் வராத பொண்ணு

இதென்ன பெரிய விஷயம், மாமாவ மொதல் பக்கத்துக்கு மாத்திட்டா ஆச்சுன்னு விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். தினேஷோட அம்மா பிடிச்சிக்கிட்டாங்க. பெரியப்பாவப் பின்னாடி தள்ளினா அந்த ஆல்பம் எங்க வாசப்படி ஏறாதுன்னுட்டாங்க. புஸ்தகத்துக்கு மொதல் பக்கம் ஒண்ணுதானே? நான் எங்க போவேன்?

ஆவணியும் பொறந்துடுச்சு. கலை வல்லம் பக்கம், தினேஷ் விழுப்புரத்துல. நாம தெச்ச ஆல்பத்தால ஒரு பொண்ணு அம்மா வீட்ல உக்காந்துக்கினு இருக்குதேன்னு எனக்குச் சோறு எறங்கல. ஒரு மத்தியானம் தினேஷ் ஷோரூம் யூனிபார்மோடயே வந்து ஸ்டூல்ல உக்காந்துச்சு. கண்ணெல்லாம் குழி விழுந்து கெடந்துச்சு.

"அந்த ஆல்பத்தைக் கொளுத்திடுங்கக்கா. அவ வந்தா போதும் எனக்கு."

கோட்டக்குப்பத்து வழி

அதே வாரத்துல கோட்டக்குப்பத்துலேர்ந்து பர்வீன் அக்கா, மவளோட நிக்காஹ் ஆல்பத்துக்குச் சொல்லியிருந்தாங்க. அவங்களுக்கு உருது புஸ்தகம் மாதிரி வலது பக்கத்துலேர்ந்து திறக்கணும். அதைத் தெச்சிக்கினு இருக்கச்சேதான் மண்டையில ஒறைச்சுது. அட, புஸ்தகத்துக்கு ரெண்டு பக்கமும் அட்டை இருக்குதே!

கலையோட ஆல்பத்துல நூலைப் பிரிச்சேன். பசை போட்டு அழுத்தினதா இருந்தா கிழிஞ்சிருக்கும், தெச்சது பிரிஞ்சு குடுத்துச்சு. இந்தப் பக்கம் திறந்தா பொண்ணு வீடு. அந்தப் பக்கம் திறந்தா மாப்ள வீடு. ரெண்டும் வந்து சேர்ற நடுவுல தாலி கட்டற படம். காடாத்துணிய உரிச்சுட்டு அந்த அட்டைக்குத் தினேஷோட பட்டு வேட்டி ஓரத்தைப் போத்தினேன். அதுலதான் கத்திரி வைக்க யாரும் தடை சொல்லல. பட்டம் கட்டற படத்தை முழுப் பக்கத்துக்குப் பிரிண்ட் போட்டேன், ஐஸ்கிரீமை எடுத்து டிராயர்ல போட்டேன். ஆல்பம் வாங்க வந்த பர்வீன் அக்கா கதையெல்லாம் கேட்டுட்டு, ரெண்டு பக்கமும் திறந்து பாத்தாங்க.

"நல்லா கீது மேரி. ஜல்தி கூப்புடு அவங்கள, பொண்ணு எத்தினி நாளுதான் காத்துக்கினு இருக்கும்?"

நடுப்பக்கம்

ரெண்டு வீட்டையும் கடைக்கே வரச் சொன்னேன். ஏழுமலை கலையோட வந்தாரு, தினேஷ் அம்மாவோட வந்துச்சு. புடவைத் துணி மேல இருக்கறாப்புல ஆல்பத்தை மாமா கையில குடுத்தேன். மொதல் பக்கத்துல அவரு கையி, கலையோட நெத்தி, பட்டம். ரொம்ப நேரம் பாத்தாரு. தாலிப் படம் வரைக்கும் புரட்டிட்டு, சம்பந்தியம்மாகிட்ட நீட்டினாரு. அவங்க திருப்பி வெச்சுத் திறந்தாங்க, பெரியப்பா கம்பீரமா நின்னுக்கினு இருந்தாரு. நான் மாதாவ வேண்டிக்கினு நிக்கறேன். கலையும் தினேஷும் ஆல்பத்தைப் பாக்கவே இல்ல.

ஏழுமலை மறுபடியும் ஆல்பத்தை வாங்கி, வெரலை எச்சில் பண்ணிக்கினு எதையோ தேட ஆரம்பிச்சாரு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிட்டு வந்தாரு. இன்னும் எந்த அத்தையோ மாமனோ விட்டுப்போச்சோன்னு எனக்கு வேர்த்துடுச்சு. நிமிந்து என்னைப் பாத்தாரு.

"அந்த ஐஸ்கிரீம் படத்த ஏம்மா எடுத்துட்ட? அதுலதான எம் பொண்ணு வாய்விட்டுச் சிரிச்சிக்கினு இருந்தா. அத நடுவுல வெச்சு ஒட்டிக் குடு, ரெண்டு பேரும் இன்னிக்கே எடுத்துக்கினு போவட்டும்."

அதுலேர்ந்து என் கடைக்கு வர்றவங்க எல்லாரும் ரெண்டு மொதல் பக்கம் கேக்கறாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வீடு போதும்னு ஆண்டவர் நிறுத்தினாரே, அந்த மட்டுக்கும் நான் பொழச்சேன்.