தொட்டுவிட்டு எழுந்தவள்

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கோ கேட்டார்.

ஜெலியா யோசித்துச் சொன்னாள். காலையில் கடை நூடுல்ஸ். மதியம் சோறு, மீன், கீரை. ராத்திரி மறுபடி சோறு, மதியத்து மீனில் மிச்சம்.

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல டாக்டர். தொட்டேன், அவ்வளவுதான்."

"எதைத் தொட்டீங்க?"

"பக்கத்துக் கடை அம்மா கேக் கொண்டாந்தாங்க, தொட்டேன். தேய்ச்ச சட்டையை வாங்க வந்தவர் வாழைப்பழ பஜ்ஜி நீட்டினார், தொட்டேன். முதலாளி மகளுக்குப் பிறந்தநாள். பொரிச்ச கோழி வந்துச்சு, அதையும் தொட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மலேசியாவின் கூச்சிங் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி அவர். ஜெலியாவின் இபான் மக்களைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் நீட்டிய உணவைத் தொடாமல் போனால் பூனி என்கிற கண்டம் பிடித்துக்கொள்ளும். வழியில் பாம்பு கடிக்கும், படகு கவிழும், ஏணி வழுக்கும். விரலால் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டால் கண்டம் விலகிவிடும்.

"பூனிக்குத் தொடறதுன்னா இப்படித்தானே?" டாக்டர் ஆள்காட்டி விரலை மேசையில் ஒற்றி உதட்டருகே கொண்டுபோனார். "உங்க விரல் என்ன அவ்வளவு பெரிசா?"

"விரல் சின்னதுதான் டாக்டர். விரலுக்குப் பின்னாடி வர்ற ஆள்தான் பெரிசு."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"எடை குறையறதுக்கு வயித்துல முக்கால்வாசியை எடுத்துடுவோம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை போடணும், வருஷா வருஷம் வந்து காட்டணும். சக்கரை குறையும். ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருதே, அதுவும் சரியாக நல்ல வாய்ப்பு இருக்கு. எல்லா ஆபரேஷன் மாதிரி இதுலயும் ஆபத்து உண்டு. செஞ்சுக்கறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"முதல் வாரம் யாராவது கூட இருக்கணும். அது இல்லாம நான் தேதி தர மாட்டேன்."

"தங்கச்சி வருவா," என்றாள் ஜெலியா. தங்கையிடம் அவள் இன்னும் கேட்டிருக்கவே இல்லை.

நாற்பத்து மூன்று வயது. நூற்று முப்பத்தொரு கிலோ. ஊரின் சந்தைப் பக்கத்தில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். எந்த அலுவலகக்காரருக்கு எந்த அளவுச் சட்டை, யாருக்குப் போன மாதத்தைவிட இடுப்பு பெருத்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுடைய சட்டைகள் மட்டும் கடையில் கிடைக்காது. இரண்டு சட்டை வாங்கி ஒன்றாக்கித் தைத்துக்கொள்வாள். கணவன் லயாங் எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று மிரி நகரத்துக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். உடம்பைப் பார்த்து ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னது. மற்றவர்கள் சொல்வதற்கு முன் அவளே சொல்லப் பழகிக்கொண்டாள். "கட்டில் உடைஞ்ச சத்தத்துல பயந்து ஓடிட்டான்" என்பாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கவைக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். பேருந்தில் மட்டும் அவள் பக்கத்து இருக்கை கடைசி ஆள் ஏறும்வரை காலியாகவே இருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் பால் பானம் மட்டுமே குடிக்க வேண்டும், ஈரல் சுருங்குவதற்காக. தேதி ஜூன் நடுவில். அப்படியானால் ஜூன் முதல் தேதி வரும் கவாய் அறுவடைத் திருநாளும் பால் குடிக்கும் நாட்களுக்குள் விழுகிறது. வேறொரு தேதி தருவதாக நர்ஸ் சொல்லிப் பார்த்தார்.

"பரவாயில்ல. எங்களுக்குத்தான் பூனி இருக்கே. தொட்டுட்டு வந்துடுவேன்," என்றாள் ஜெலியா. சாப்பாட்டை மறுக்க இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. திருநாளுக்குப் போனால் தங்கை சியாவிடமும் நேரில் கேட்டுவிடலாம்.

அவள் பிறந்த ஊருக்குப் போகிற நீர்த்தேக்கத்துப் படகுத்துறையில் ஊர்ப் படகோட்டி உஞ்சாட் படகோடு நின்றான்.

"அக்கா, நடுவுல உக்காருங்க. மத்தவங்க எல்லாம் அடுத்த தடவை."

"என்னை ஏத்திட்டா உன் படகு காத்துக்கு ஆடாதுடா. கூலியை நீதான் எனக்குத் தரணும்."

துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். படகில் அவளும் உஞ்சாட்டும் மட்டும் போனார்கள்.

ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் நீளவீட்டின் கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. திருநாளில் ஒவ்வொரு குடும்பத்தின் அறைக்கும் போக வேண்டும். ஒன்றை விட்டாலும் வருத்தப்படுவார்கள். ஜெலியா முதல் கதவில் நுழைந்தாள்.

"ஜெலியா வந்துட்டாடி! மூங்கில்ல வெந்த அந்தக் கோழியை இந்தப் பக்கம் தள்ளுங்க!"

"இல்லக்கா, தொட்டுக்கறேன். ஆபரேஷன் இருக்கு. பால் மட்டும்தான்."

"ஆபரேஷனா? அட பாவமே! சரி, தொட்டுக்கோ, தொட்டுக்கோ. பூனி ஆயிடக் கூடாது."

கோழி, அரிசிப் பலகாரம், துவாக் என்ற அரிசிக் கள்ளுக் கோப்பையின் விளிம்பு என்று ஒவ்வொன்றிலும் விரலை ஒற்றி உதட்டில் வைத்தாள். இந்த முறை விரல் மட்டும்தான், சத்தியமாக. கெஞ்சுவார்கள், வாயில் திணிப்பார்கள் என்று பயந்திருந்தாள். ஒருவரும் வற்புறுத்தவில்லை. தொட்டாகிவிட்டது, இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது. தட்டு அடுத்த ஆளிடம் போனது. தட்டோடு பேச்சும் போனது. கோழியைப் பிய்த்துக்கொண்டே யாரோ மருமகளைப் பற்றிக் குறைசொன்னார்கள். எலும்பை உறிஞ்சிக்கொண்டே இன்னொருத்தி பதில் சொன்னாள். வெறும் கையோடு உட்கார்ந்திருந்த ஜெலியாவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சற்று நேரத்தில் எழுந்தாள். "அடுத்த வீடு போகணும்ல, போயிட்டு வா," என்றார்கள்.

எல்லா அறையிலும் அப்படித்தான். மற்ற வருடங்களில் கடைசி அறைக்குப் போய்ச் சேர நடுநிசி ஆகிவிடும். இந்த வருடம் வெயில் தணிவதற்குள் கூடத்தின் மறுகோடியில் தனியாக நின்றாள். பசி பெரிதாக இல்லை. இத்தனை வருடமாக இந்த வீடுகளில் தன்னை உட்கார வைத்திருந்தது எது என்பதுதான் நெஞ்சில் உறுத்தியது.

சியா பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் வந்து இருடி."

"மிளகு பறிக்கற நேரம்க்கா. பிள்ளைங்கள யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" சியா நிமிராமலே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "அதெல்லாம் சாக்கு. எனக்குப் பயமா இருக்கு. நல்ல வயித்தை வெட்டி எடுக்கறாங்களாம். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பக்கத்துல இருந்து பாக்கணுமா? இன்னைக்கே பாத்தேன், நீ சும்மா உக்காந்துட்டு எழுந்து போற. யாரோ எவரோ மாதிரி இருக்கு."

 ஜெலியா ஒரு துணியை எடுத்துக் கழுவிய தட்டுகளைத் துடைத்தாள்.

கூச்சிங் திரும்பியதும், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களோடு முன்பே செய்துகொண்டவர்கள் வந்து பேசும் கூட்டத்துக்கு நர்ஸ் அவளை அழைத்தார். ஆஸ்பத்திரியில் கைப்பிடி இல்லாத அகல நாற்காலிகள் போட்ட அறை அது. ஜெலியாவின் பக்கத்தில் சரிமா என்ற மலாய்ப் பெண் உட்கார்ந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் வீடு. முழங்கைக்கு மேல் தோல் தளர்ந்து தொங்கியது.

"பாதி ஆளை இந்த ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டுப் போயிட்டேன். யாரும் தேடிக்கிட்டு வரல," என்று சரிமா சொன்னபோது ஜெலியா சத்தமாகச் சிரித்துவிட்டாள். இப்படிப் பேசுகிற இன்னொருத்தியை அவள் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்து இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வலிக்குமா என்று ஜெலியா கேட்டாள். முதல் சில நாள் வலிக்கும் என்றாள் சரிமா. முடி கொட்டுமாமே? கொட்டும், திரும்ப முளைக்கும்.

"விருந்துக்குப் போனா எவ்வளவு நேரம் உக்காருவீங்க?"

சரிமா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இதை யாரும் கேட்டதில்ல," என்றாள். "வீட்டுலயே உக்கார முடியறதில்ல. நான் நாலாவது வாய் மெல்லறதுக்குள்ள அவர் எழுந்துடுவார், பசங்க எழுந்துடுவாங்க. மருமக மேசையே துடைச்சிடுவா."

"அப்போ செஞ்சது தப்பா?"

"தப்பே இல்ல. முன்னாடி தொழுகைக்கு நாற்காலி வேணும். இப்போ தரையில நெத்தியை வைக்கிறேன். இன்னொரு தடவை செய்யணும்னாலும் செஞ்சுப்பேன். ஆனா இதை எனக்கு முன்கூட்டி ஒருத்தரும் சொல்லல."

ஜெலியா தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கும் செஞ்சுக்கணும்னுதான் இருக்கு. மூச்சு முட்டி முழிச்சுக்கறேன். ஒரு நாள் முழிக்காமப் போனா, வேலைக்கு ஏன் வரலன்னு யாராவது வந்து கேக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது." வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "ஆனா தங்கச்சி வர மாட்டா. டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். உள்ள போய் தேதி வேணாம்னு சொல்லிடப் போறேன்."

அவள் எழுவதற்காகப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். சரிமா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நான் வந்து இருக்கட்டுமா, அந்த ஒரு வாரம்? நான் ஹலால் பாக்கணும்ல, பானை, தட்டு எல்லாம் என் வீட்டுலேர்ந்தே கொண்டாந்துடுவேன், நீங்க சங்கடப்பட வேணாம். உபகாரம்னும் நெனைக்காதீங்க. உங்களுக்கு அப்போ கஞ்சித் தண்ணிதான், மடக்கு மடக்கா. குடிச்சு முடிக்க ரொம்ப நேரமாகும். என்னைவிட மெதுவா சாப்பிடற ஒருத்தரோட உக்காந்து நானும் ஒரு வேளை சாப்பிட்டுக்கறேன். சரின்னு சொல்லுங்களேன்."