ஏழு நிமிடம் முந்திய சர்வர்

எங்கள் கம்பெனிக்கு எண்ணூரில் தொழிற்சாலை, ராயபுரத்தில் அலுவலகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் இரண்டு இடத்து சர்வர்களையும் இணைத்தார்கள். தொழிற்சாலையில் தயாரானது, லாரியில் ஏறியது எல்லாம் தானாகவே எங்களுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதைக் கவனிப்பது என் வேலை.

நான்கு நாள் ஒழுங்காக வந்தது. பிறகு நின்றுபோனது. அனுமதி மறுக்கப்பட்டது என்று திரையில் ஒரே வரி. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். தொலைபேசித் துறை ஆட்கள் லைனைச் சோதித்து, கோளாறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மேனேஜர் என்னை நேரிலேயே போய்ப் பார்க்கச் சொன்னார்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி காத்திவாக்கத்தில் இறங்கி நடந்தேன். சர்வர் டைம் ஆபீசில் இருந்தது. வருகைப் பதிவுக்கும் சங்குக்கும் அதுதான். அங்கிருந்த கிளார்க் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதைக் கேட்டாலும், "எனக்கு இன்னாமா தெரியும்?" என்றார்.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். நெட்வொர்க் முகவரிகளை ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஐந்து மணிச் சங்கு ஊதியது. பேக்கிங் பிரிவுப் பெண்கள் கார்டைத் தேய்த்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினார்கள். என் கைக்கடிகாரத்தில் ஐந்தாக இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. சர்வரைப் பார்த்தேன், ஐந்து. ராயபுரத்துக்குப் போன் போட்டு அங்கே மணி கேட்டேன். நான்கு ஐம்பத்து மூன்று.

இரண்டு சர்வர்களின் மணியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், யாரோ பழைய அனுமதியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு இணைப்பு மென்பொருள் உள்ளே விடாது. பயிற்சியில் படித்ததுதான். மூன்று நாளாக நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, இதுல மணிய யாராவது மாத்துனாங்களா?"

அவர் அந்தப் பெண்கள் ஓடிய பக்கம் கை காட்டினார். "நான்தாம்மா மூணு நாள் முன்னாடி வச்சேன். பழைய கார்டு மிஷின்லயும் அப்டித்தான் வச்சிருந்தேன். அஞ்சு மணி அஞ்சு நிமிஷ வண்டிய வுட்டா அப்பால ஆறு மணிக்குத்தான். இதுங்க போய் புள்ளைங்கள பால்வாடிலேர்ந்து இட்டுகினு போவணும்."

"காலைலயும் ஏழு நிமிஷம் முன்னாடி வரணுமே?"

"வந்துகினுதான் கீதுங்க. கம்பெனிக்கு இன்னா நஷ்டம், சொல்லு?"

நஷ்டம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் மணியைச் சரிசெய்தேன். அடுத்த நிமிடமே ராயபுரத்தில் தகவல் வரத் தொடங்கியது. அவர் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன்.

அடுத்த இரண்டு நாளும் அந்தப் பெண்கள் வண்டியைத் தவறவிட்டார்கள். கிளார்க் போனில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. கடிகாரக் கதையைச் சொல்லாமல், பேக்கிங் பிரிவைப் பத்து நிமிடம் முன்னால் விட முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"சிஸ்டத்துக்கு அது தேவையா, உனக்குத் தேவையா?"

"எனக்குத்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து, நான்கு ஐம்பதுக்கு விடச் சொன்னார்.

அடுத்த வாரம் கிளார்க் கூப்பிட்டார். "எல்லாத்துக்கும் வண்டி கெடைச்சிடுச்சும்மா. ஆனா உன்னத்தான் திட்டிகினு கீதுங்க. சோறு துன்ன நேரம் பத்தலியாம்."

"நான்தான் கேட்டேன்னு சொல்லிட்டீங்களா?"

"கேட்டாங்கோ, சொன்னேன்" என்றார்.